இருபது கிராம் வெள்ளி

"கேனைக் கீழ வைடா. எனக்கு இன்னும் நேரம் வரல" என்றார் கட்டிலில் கிடந்த ஸஹ்ரூன்.

திஜ்லா ஆற்றிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் சுமந்து வந்த சினான் அப்படியே நிலைப்படியில் நின்றுவிட்டான். கேன் ஒழுகி அவன் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த தர்மிதா, அதாவது அவர்கள் குலத்துக் குருவானவர், தன் வெண்தாடியை நீவிக்கொண்டு அக்காளையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். தலைமாட்டில் இருந்த அன்ஹார் அப்பாவின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். உயிரே ஊசலாடும்போதும் இந்த மனுஷன் நேரம் குறிக்கிறாரே என்று அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நேரம் உங்களக் கேட்டுட்டா வரும்?" என்றான் சினான். "அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு மறந்துடுச்சா?"

மறக்கக்கூடியதா அது? அவர்கள் குலமான மந்தாயிகளுக்கு மூச்சு நிற்பதற்கு முன்னால் ஆற்றுநீரில் குளிப்பாட்டி வெள்ளை உடுத்திவிட வேண்டும். சட்டை, கால்சட்டை, மேல்துண்டு, இடுப்புக் கயிறு, தலைப்பாகை, எல்லாம் வெள்ளை. உடுத்துவதற்கு முன்னால் மூச்சு போய்விட்டால் அந்த உயிர் வழியில் உடுப்பில்லாமல் நிற்கும். அன்ஹாரின் அம்மா பஸ்ரா ஆஸ்பத்திரியில், கையில் ஊசி குத்தியிருந்த நிலையில், பச்சைக் கவுனோடு போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு தனியாகச் சடங்கு செய்து, வேறொருவர் அவளுக்காக வெள்ளை உடுத்தி, எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனாலும் ஸஹ்ரூன் அந்தப் பச்சைக் கவுனைப் பற்றிப் பல வருஷம் வாயே திறக்கவில்லை. திறக்காததிலிருந்தே வீட்டில் எல்லாருக்கும் புரிந்தது.

அதனால்தான் இந்த முறை ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். இதயம் களைத்துவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார். வெள்ளை உடுப்பு அலமாரியில் துவைத்து மடித்துத் தயாராக இருந்தது. எல்லாம் தயார், ஆள் மட்டும் தயாரில்லை.

"வெள்ளையப் போட்டுக்கிட்டா, அப்புறம் வெள்ளியப் பத்திப் பேசக் கூடாது" என்றார் ஸஹ்ரூன். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கியது. "பேச்ச முடிச்சுட்டுப் போட்டுக்கறேன்."

"அப்படியொரு விதி நம்ம புத்தகத்துல எங்கயும் இல்லையே, அண்ணே" என்றார் தர்மிதா.

"உங்க புத்தகத்துல இல்லாம இருக்கலாம். எனக்குன்னு ஒண்ணு இருக்குல்ல."

தர்மிதா சிரித்துவிட்டார். அவர் வீட்டுத் தட்டுகளுக்கெல்லாம் வெள்ளி பூசிக் கொடுத்தவர் ஸஹ்ரூன். இவரிடம் வாதாடி ஜெயித்தவர்கள் அமாரா கடைத்தெருவிலேயே யாருமில்லை என்று அவருக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். சதுப்புநிலப் பக்கத்து ஷேக் ஒருவரின் விருந்தினர் கூடத்தில் காப்பி காய்ச்சுபவன் ஹாத்திம். நாக்கு நீளம். போன மாதம் டீக்கடையில் பத்துப் பேர் நடுவில், "ஸஹ்ரூன் இப்பல்லாம் வெள்ளி பூசறதில்லப்பா, வெள்ளிய மோந்து பாக்க வெச்சு அனுப்பிடறாரு" என்று ஒரு போடு போட்டான். கடையே சிரித்தது. ஸஹ்ரூனும் சிரித்தார். சிரித்துவிட்டு, "உன் காப்பிக் கூஜாவக் கொண்டா. எதிர்த்த தங்கக் கடையில எடை போட்டுக் கொண்டா. இருபது கிராம் ஏத்தித் தரேன். ஒரு கிராம் குறைஞ்சாலும் தாடிய எடுத்துடறேன்" என்றார். மயிர் மழிப்பதே பாவம் என்று வளர்ந்தவர். கன்னத்தில் கத்தி பட்டதே கிடையாது. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததும் கடையில் சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாளே கூஜா வந்தது. அதற்கு அடுத்த நாள் ஸஹ்ரூன் படுத்தார்.

படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இன்று காலை எட்டு மணிக்கு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் உட்காரவைக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அன்ஹார்தான் கூஜாவைத் தேய்த்துக் கழுவி, செம்புக் கம்பியில் கட்டி, வெள்ளிக் கரைசல் தொட்டிக்குள் இறக்கினாள். இரண்டு பக்கமும் வெள்ளித் தகடுகள் தொங்கின. தொட்டிக்கு மின்சாரத்தை அளந்து விடும் பெட்டியின் குமிழைத் திருகி முள்ளை ஒன்றில் நிறுத்தினாள். ஒரு ஆம்பியர்.

"மணிக்கு எவ்வளவு ஏறும், டீச்சரம்மா?" என்றார் அப்போது.

அன்ஹார் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறாள். கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி எழுதியே சுண்ணாம்புப் பொடி அவள் சட்டைக் கையோடு ஒட்டிப்போயிருந்தது. ஆம்பியரை விநாடியால் பெருக்கு, வெள்ளியின் அணு எடையால் பெருக்கு, தொண்ணூற்றாறாயிரத்து ஐந்நூறால் வகு. செம்பென்றால் இன்னும் ஒரு தடவை இரண்டால் வகுக்கணும், அங்கேதான் பாதி வகுப்பு வழுக்கி விழும். வெள்ளிக்கு அந்தத் தொல்லை இல்லை.

"நாலு கிராம்ப்பா. அஞ்சு மணி நேரம் ஓடினா இருபது."

"அப்ப ஒரு மணிக்கு எடுத்துடு."

"நம்ம வீட்டுக்கே தெரு ஜெனரேட்டர்காரன்கிட்ட நாலு ஆம்பியர்தான் வெலைக்கு வாங்கறோம்" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த சினான் முணுமுணுத்தான். "அதுல ஒண்ண இந்தக் கூஜாவே குடிச்சுடுதா?"

"அது வேற ஆம்பியர்டா" என்றாள் அன்ஹார்.

"ஆம்பியர்ல கூட சொந்தக்காரன், அசலூர்க்காரன்னு இருக்கா?"

அப்பா அதற்குச் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அவரைத் திரும்பத் தூக்கி வந்து படுக்கவைக்க வேண்டியதாயிற்று.

இப்போது மணி பன்னிரண்டரை. தர்மிதா குனிந்து அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து அன்ஹாரிடம் மெதுவாகத் தலையை ஆட்டினார். ரொம்பத் தாமதிக்க முடியாது என்று அர்த்தம்.

"அப்பா, கெஞ்சிக் கேக்கறேன்" என்றான் சினான். "வேலை முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சுக்குங்க."

"நெனச்சுக்கறதுக்குத் தராசு எதுக்குடா?"

சினான் அக்காளை வெளியே இழுத்துக்கொண்டு போனான். "இருபது வந்துடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லேன். உன் நாக்கு தேஞ்சா போயிடும்?"

"பொய் சொல்லி அனுப்பச் சொல்றியா?"

"பச்சக் கவுன்ல அனுப்பச் சொல்றியா?"

அன்ஹார் அவன் கையை விலக்கினாள். பட்டறைக்குப் போய்ப் பார்த்தாள். முள் ஒன்றில் நின்றது. ஒன்பதரைக்குப் பார்த்தபோதும் ஒன்றில்தான் நின்றது, பதினொன்றரைக்குப் பார்த்தபோதும் அப்படியே. நடுவில் அவள் அப்பாவின் தலைமாட்டைவிட்டு அசையவில்லை. ஜெனரேட்டர்காரன் பகலில் மெஷினுக்கு ஓய்வு கொடுக்கிறவன். அரசாங்க மின்சாரம் போனால் எல்லார் வீட்டு மின்விசிறியும் நின்றுவிடும். அப்பாவின் அறையில் மின்விசிறி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதனால் மின்சாரம் போகவில்லை. போயிருந்தாலும் தொட்டிக்குக் கீழே பேட்டரி இருக்கிறது. அமாராவில் இது பெரிய அதிசயம்தான், கிழவருக்காக மின்சாரவாரியமே கண் திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மணிக்குப் பெட்டியை அணைத்தாள். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு கூஜாவைத் தூக்கினாள். பால் வெள்ளையாக இருந்தது. தண்ணீரில் அலசி, சூடான மரத்தூள் நிரப்பிய பெட்டிக்குள் புதைத்தாள். அந்தக் கொக்கு மூக்கு போன்ற நீண்ட மூக்குக்குள் ஈரம் தங்கிவிடும். ஈரத்தோடு எடை போட்டால் தராசு பொய் சொல்லும். அரைமணி நேரமாவது காய வேண்டும். உள்ளேயிருந்து தர்மிதா, "மகளே" என்று கூப்பிட்டார். குரலில் அவசரம் தெரிந்தது.

அப்பாவின் நகக்கண்கள் நீலம் பாய்ந்திருந்தன. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"எடுத்துட்டேன்ப்பா."

"எடை?"

"காயுதுப்பா. மரத்தூள்ல வெச்சிருக்கேன்."

"கணக்கு?"

"அஞ்சு மணி நேரம். முள் ஒண்ணுல இருந்து அசையல. மின்சாரமும் போகல. இருபது கிராம்ப்பா, கணக்குப்படி."

"கணக்குப்படி" என்று அவரும் சொன்னார்.

அவர் கண் மேலே போயிற்று. சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்வை இறங்கிக் கால்மாட்டில் நின்ற சினானிடம் வந்தது, அவனிடமிருந்து அன்ஹாரிடம் வந்தது. தாடிக்குள் உதடு லேசாக வளைந்தது. அவள் சின்ன வயதிலிருந்து பார்த்த வளைவுதான். கடையில் ஆள் பேரம் பேசும்போது வருவது.

"சரி" என்றார். "வெள்ளையக் கொண்டாங்க."

அதற்குப் பிறகு அவர் வெள்ளியைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியும் பேசவில்லை. சினானும் தர்மிதாவும் ஆற்றுநீரை ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் குளிர்ந்திருந்தது போலும், ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்தார். சட்டை போட்டார்கள், கால்சட்டை போட்டார்கள், இடுப்புக் கயிற்றை முடிந்தார்கள், தலைப்பாகையைச் சுற்றினார்கள். அன்ஹார் தலைப்பாகைக்குள் செருகுவதற்குக் மணமுள்ள குழிநாவல் இலையில் பின்னிய சடங்கு வளையத்தைக் கொடுத்தாள். கட்டிலைத் திருப்பி வடக்குப் பார்க்கப் படுக்கவைத்தார்கள். தர்மிதா ஓத ஆரம்பித்தார். ஓதி முடிப்பதற்குள், யாரும் எந்தக் கணம் என்று சொல்ல முடியாதபடி, மூச்சு நின்றிருந்தது.

யாரும் அழவில்லை. அழக் கூடாது. சிந்துகிற கண்ணீர் ஆறாகப் பெருகிப் போகிற உயிருக்கு வழியை மறித்துவிடும் என்பார்கள். அன்ஹார் அழுகையை அடக்கிக்கொண்டு ஈரத்துணியைப் பிழிந்து மடித்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்ததை அவளால் மறைக்க முடியவில்லை. குளித்து, உடுத்தி, சண்டை போட்டு ஜெயித்து, வீட்டுக் கட்டிலில் போயிருக்கிறார். அம்மாவுக்கு வாய்க்காதது அப்பாவுக்கு வாய்த்தது. சினான் சுவரில் சாய்ந்துகொண்டு, "போட்டுட்டோம்க்கா, நேரத்தோட போட்டுட்டோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடக்கம் மறுநாள்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து சமையலறையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி மீனுக்கு ஆள் அனுப்பினாள், இன்னொருத்தி டீக் கண்ணாடிகளைக் கழுவினாள். "நீ போய்ச் சித்த உக்காரு" என்று அன்ஹாரைத் துரத்திவிட்டார்கள். உட்கார அவளுக்கு இடம் தெரியவில்லை. கால் தானாகப் பட்டறைக்குப் போயிற்று.

மரத்தூளிலிருந்து கூஜாவை எடுத்து ஊதினாள், பழைய பருத்தித் துணியால் துடைத்தாள். மூக்குக்குள் குச்சியில் துணி சுற்றி விட்டுப் பார்த்தாள், ஈரமில்லை. தராசுத் தட்டில் வைத்தாள். தங்கக் கடைக்காரன் போட்டுக் கொடுத்த எடை ஆயிரத்து நூற்று நாற்பது. இப்போது ஆயிரத்து நூற்று அறுபது வர வேண்டும்.

ஆயிரத்து நூற்று ஐம்பத்தைந்து வந்தது.

எடுத்துத் திரும்ப வைத்தாள். ஐம்பத்தைந்துதான். தட்டைத் துடைத்துவிட்டு வைத்தாள். அதே. அஞ்சு கிராம். ஒன்றேகால் மணி நேரத்து வெள்ளி. அது எங்கே போயிற்று? பொய் சொல்ல மாட்டேன் என்று தம்பியிடம் வீம்பு பேசினாளே, கடைசியில் பொய்யைத்தானே சொல்லி அனுப்பியிருக்கிறாள்? சாகிற மனுஷன் கேட்ட ஒரே ஒரு எண், அதைத் தப்பாகச் சொல்லிவிட்டாள். குளித்து உடுத்தி வடக்குப் பார்த்துப் படுத்திருப்பவரை எழுப்பித் திருத்தவா முடியும்? வெட்கமும் துக்கமும் அவளைப் பிடுங்கித் தின்றன.

சினான் டீயோடு வந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு தராசைப் பார்த்தான்.

"எவ்வளவு குறையுது?"

"குறையுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் டீயைக் கீழே வைத்தான். வைக்க நேரமெடுத்துக்கொண்டான்.

"பத்து மணி சுமாருக்கு மின்சாரம் போச்சுக்கா. பதினொண்ணேகாலுக்குத்தான் வந்துச்சு."

"மின்விசிறி ஓடிச்சே?"

"இங்க, தொட்டிக்குக் கீழ இருந்த பேட்டரிய ராத்திரியே எடுத்துட்டுப் போய் அப்பா மின்விசிறிக்குக் குடுத்துட்டேன். இந்த வெயில்ல ஒரு நிமிஷம் காத்து நின்னாலும் அவருக்கு மூச்சு முட்டுது. உங்கிட்ட சொன்னா, தொட்டி நின்னுடும், வேலை கெட்டுடும்பே. மின்சாரம் போனா அது பீப்பீப்புன்னு கத்துமேன்னு பஞ்ச வெச்சு அடச்சுட்டேன்."

அன்ஹார் குனிந்து பார்த்தாள். பேட்டரி இருந்த இடத்தில் சதுரமாக ஒரு தூசியில்லாத தரை மட்டும் இருந்தது. காலையிலிருந்து அஞ்சு தடவை இதே இடத்தில் நின்றிருக்கிறாள், முள்ளைப் பார்த்தாளே தவிர குனிந்து பார்க்கவில்லை. ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும், மின்விசிறி ஓடினால் மின்சாரம் இருக்கிறது. அதை நம்பிக் கணக்குப் போட்டுவிட்டாள்.

"நீ கணக்கு சொன்னப்பவாவது வாயத் திறந்திருக்கலாம்ல?"

"திறக்கத்தான் போனேன். அவர் என்னப் பாத்தாரு பாரு, அதுல அடங்கிட்டேன்."

"அவர் எதுக்குப் பாக்கணும்?"

"அவருக்குத் தெரியும்க்கா."

அன்ஹார் நிமிர்ந்தாள்.

"ராத்திரி நான் ஒயர மாட்டறப்ப முழிச்சுப் பாத்துட்டாரு. 'தொட்டியோட பேட்டரிதானே?'ன்னாரு. ஆமாம்ப்பான்னேன். 'காலையில மின்சாரம் போனா வெள்ளி ஏறாதே'ன்னாரு. ஏறாட்டி போகுதுப்பா, நீங்க மூச்சு விடுங்கன்னேன். அப்புறம் சொன்னாரு, 'அவகிட்ட சொல்லாத. உன்னத் திட்டுவா. எப்படியும் எடை போட்டுப் பாப்பா. குறைஞ்சா திரும்பத் தொட்டியில போட்டுடுவா'ன்னாரு."

அன்ஹார் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் அந்த 'சரி' அவள் காதில் மறுபடி கேட்டது. அவள் சொன்ன எண்ணை அவர் நம்பவே இல்லை. தப்பாக இருக்கலாம் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டார். இருபது வந்துவிட்டது என்ற நிம்மதியில் போகவில்லை. வராவிட்டால் வரவைக்க ஆள் இருக்கிறது என்ற நிம்மதியில் போயிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழக் கூடாத வீட்டில் சிரிக்கலாமா என்று தெரியவில்லை, தலைத்துணியின் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். சினானும் சிரிக்க ஆரம்பித்தான்.

"பாவிக் கிழவன்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "என்ன வேலை வாங்கிட்டுப் போயிருக்காரு பாரு."

காய்ந்த வெள்ளியின் மேல் அப்படியே வெள்ளி பிடிக்காது. உரிந்துவிடும். புதிதாகக் கழுவ வேண்டும். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, சுண்ணாம்புக் குழம்பைத் தொட்டு, வயிற்றுப் பக்கம், கழுத்து, கைப்பிடிக்கு அடியில், மூடியின் விளிம்பு என்று பொறுமையாகத் தேய்த்தாள். அவசரப்படவில்லை. சினான் மேலே இருந்து தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் முழுக்கப் படர்ந்து வழியும்வரை ஊற்றினான். செம்புக் கம்பியில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள். குமிழைத் திருகினாள். முள் எழுந்து ஒன்றில் நின்றது.

"ஒண்ணேகால் மணி நேரமா?" என்றான் சினான்.

"ஆமா."

"நானும் இருக்கேன்."

கூடத்தில் ஆட்கள் வருவதும் போவதும் கேட்டது. மெல்லிய குரலில் யாரோ மீனைப் பற்றி விசாரித்தார்கள். அக்காளும் தம்பியும் தொட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்தார்கள். இந்தப் பக்கத் தகட்டில் கரைவது அந்தப் பக்கம் கூஜாவில் ஏறிக்கொண்டிருந்தது, கண்ணுக்குத் தெரியாமல்.

அரைமணி போயிருக்கும். முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது. கூடத்திலிருந்த குளிர்பெட்டி ஒரு முறை குலுங்கி ஓய்ந்தது. தெருவில் யாரோ அரசாங்கத்தை வைதார்கள்.

சினான் எழுந்துவிட்டான். "இரு, பேட்டரிய எடுத்துட்டு வந்துடறேன். இனிமே அங்க எதுக்கு?"

"வேணாம்டா."

"தொட்டி நிக்குதேக்கா."

"நின்னா நிக்கட்டும். மின்சாரம் வந்தா தானா ஓடும்" என்றாள் அன்ஹார். "அப்பாவுக்குக் காத்து இருக்கட்டும்."

அவன் திரும்பவும் உட்கார்ந்தான். மின்சாரம் இல்லாத வீட்டில், உள்ளறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அன்ஹார் கடிகாரத்தைப் பார்த்து, கணக்கிலிருந்து கழிக்க வேண்டிய நேரம் எங்கே தொடங்குகிறது என்று மனதில் குறித்துக்கொண்டாள்.